உண்மை நகல்

நீதிமன்றத்தின் நகல் பிரிவில் எனக்கு வேலை. மக்கிப்போன பழைய கட்டுகளை இயந்திரத்தில் வைத்தால் உதிர்ந்துவிடும். அவற்றைப் பார்த்துக் கையால்தான் எழுத வேண்டும். அசலில் கையெழுத்து இருக்கும் இடத்தில் அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘ஒப்பம்’ என்று போடுவோம். இன்னார் இங்கே கையெழுத்திட்டிருந்தார் என்று அர்த்தம். கடைசியில் ‘உண்மை நகல்’ முத்திரை. ஏழு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்பார்கள்.

என் மனைவி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷின் அக்கா வந்தார். தையல் கடை வைத்திருப்பவர். கட்சியில் எல்லாருக்கும் அவர் மிஷின் அக்காதான். என் மனைவி தொகுதி மகளிர் அணிச் செயலாளராக இருந்தாள். அக்கா துணைச் செயலாளர். பத்து வருடம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் சுற்றியவர்கள்.

“சாப்டீங்களா தம்பி?”

“ஆச்சு.”

“பொய். அடுப்பு காஞ்சு கெடக்கு.” சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். உட்காரவில்லை. “தலைமைலேருந்து பார்வையாளர் அம்மா நாளைக்கு வராங்க. நம்ம தொகுதி இந்தத் தடவை பொம்பளைங்களுக்குன்னு ஆயிடுச்சுல்ல. உள்ளூர் மகளிர் அணி தீர்மானம் போட்டு யார் பேரச் சொல்லுதோ, அந்தப் பேரத்தான் முதல்ல பாக்கணும்னு மேலேருந்து உத்தரவு. தீர்மானப் புத்தகம் பத்திரமா இருக்குல்ல?”

“இருக்குக்கா.”

“அந்தக் கடைசித் தீர்மானம்?”

“அதுவும் இருக்கு.”

அக்கா மூச்சுவிட்டார். “மாவட்டச் செயலாளர் அவர் மருமகளக் கொண்டுவந்து நிறுத்தப் பாக்கறாரு. அந்தப் பொண்ணு உறுப்பினர் அட்டை வாங்கி இருபது நாள் ஆகல. அட்டையில பசை கூட காயல தம்பி.”

சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். முகம் அசையவில்லை.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருநூறு பக்க நீள நோட்டு. கட்சி அலுவலகத்தில் மகளிர் அணிக்கு என்று ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பிறகு அதில் கொடிக்கம்புகளை அடுக்கினார்கள். அதன்பிறகு கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. அணியில் ஒன்பது பேர். அவர்கள் பேசுவார்கள், நான் ஓரமாக உட்கார்ந்து தீர்மானம் எழுதுவேன்.

“அந்த ஆளு விளங்குவானா? மேடையில நமக்கு ஒரு நாற்காலி போடத் துப்பில்ல, கூட்டம் சேர்க்க மட்டும் நாம வேணுமாம்” என்பார் ஒருவர். ‘மேடையில் மகளிர் அணிக்கு உரிய இடம் அளிப்பது குறித்து மாவட்டச் செயலாளரின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர முடிவு செய்யப்பட்டது’ என்று நான் எழுதுவேன். படித்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

என் மனைவி மட்டும் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் எல்லாரும் போன பிறகு சொன்னாள்.

“இனிமே நாங்களே எழுதிக்கறோம்.”

“தலைமைக்குப் போற காகிதம். தப்பும் தவறுமா இருந்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே. இப்ப மட்டும் என்ன, கையெடுத்தா கும்பிடறாங்க?”

அடுத்த கூட்டத்திலும் நான்தான் எழுதினேன். பேனா என் சட்டைப்பையில் இருந்தது. அவள் கேட்கவில்லை.

நோய் இரத்தத்தில் என்றார்கள். பதினோரு வாரம். தொகுதி பெண்களுக்கு என்று ஆன செய்தி வந்தபோது அவள் மருத்துவமனையில் இருந்தாள். மூன்று தேர்தலாக விண்ணப்பம் கொடுத்து, மூன்று முறையும் ‘அடுத்த தடவை பாத்துக்கலாம்மா’ என்று திருப்பி அனுப்பப்பட்டவள். சுவரைப் பார்த்துச் சிறிது நேரம் படுத்திருந்தாள். பிறகு எல்லாரையும் வரச் சொன்னாள்.

நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் நேரம் நாலிலிருந்து ஐந்து. எட்டுப் பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். செவிலியர் வந்து திட்டினார். அந்த நேரம் பார்த்து என் மனைவி என் கையில் ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்தாள். அது அவசரச் சீட்டு அல்ல என்று கடையில்தான் தெரிந்தது. திரும்பி வந்தபோது தீர்மானம் எழுதி முடித்திருந்தார்கள். புத்தகம் அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. அவள் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு.

பன்னிரண்டு நாள் கழித்து இறந்தாள்.

அந்த வாரம் வீட்டில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஒரு பிற்பகல் புத்தகத்தைப் பிரித்தேன். கடைசியாக எழுதிய பக்கம், மிஷின் அக்காவையே வேட்பாளராக்கச் சொன்ன தீர்மானம், அவர் எழுத்தில் இருந்தது. வரிகள் மேலே ஏறின. நடுவில் அடித்து எழுதியிருந்தது. பதினாறு பிழைகள் எண்ணினேன். கீழே ஒன்பது கையெழுத்து. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சந்தையில் நிற்பதுபோல் இருந்தன. அவளுடையது எது என்று தேடிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதும் உண்மை.

என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்த பக்கத்தில் அதைத் திருத்தமாகப் படியெடுத்தேன். பிழை நீக்கினேன். ஒன்பது பெயர்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஒப்பம்’ போட்டேன். அவளுக்கு நான் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். பழைய பக்கத்தைத் தையல் பிரியாமல் கிழித்தேன். நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மறுநாள் குப்பை வண்டி வந்தது.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கட்சி அலுவலகத்துக்குப் போனேன். தாழ்வாரத்தில் செயலாளரின் மருமகள் நின்றிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில், மூடி திறக்கவில்லை. இருபத்து நான்கு வயது இருக்கும்.

“இறந்துபோன அக்காவோட வீட்டுக்காரர்தானே?” என்றாள். “அவங்க மேடையில பேசறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாங்க? எனக்கு இப்பவே பயமா இருக்கு.”

“செருப்பக் கழட்டிட்டு நிப்பா.”

அவள் தன் செருப்பைக் குனிந்து பார்த்தாள். உள்ளேயிருந்து மாமனார் கூப்பிட்டார். போய்விட்டாள்.

பார்வையாளர் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். முழங்காலில் பட்டை கட்டி, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். பக்கத்தில் செயலாளர். எதிரே மிஷின் அக்காவும் இன்னும் மூன்று பேரும்.

“அணியில உயிரோட எட்டுப் பேர். நாலு பேர்தான் வந்திருக்கீங்க. மத்தவங்க?”

“ஒருத்திக்குக் காய்ச்சல்ங்க. ஒருத்தி வீட்டுக்காரர் வண்டிச் சாவியக் குடுக்கல. ஒருத்திக்குத் திடீர்னு ஊர்ல கல்யாணம்” என்றார் அக்கா.

“நாலாவது?”

“அவ வீட்டுக்காரருக்கு நேத்துதான் கட்சியில பதவி குடுத்திருக்காங்க. பாவம், மாலையே வாடல.”

செயலாளர் சிரித்தார். “நம்ம அக்காவுக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்.”

“நாய் வந்தா பாத்துக்கறேண்ணே. இப்ப இவங்க கேக்கறதச் சொல்லுங்க.”

பார்வையாளர் சிரிக்கவில்லை. என்னிடம் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் நெற்றி சுருங்கியது. கடைசித் தீர்மானத்தில் விரலை வைத்தார்.

“இதெல்லாம் யார் எழுதினது?”

“நான்தாங்க.”

“அஞ்சு வருஷத்துத் தீர்மானம் மொத்தமும்?”

“ஆமா.”

செயலாளர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்தார். “பாத்தீங்களாம்மா. பொம்பளைங்க தீர்மானம்னு சொல்றாங்க. எழுதினது ஆம்பளை. நான் என் மருமகளப் பின்னாடி நின்னு ஆட்டறேன்னு ஊரெல்லாம் பேச்சு. இது என்னவாம்?”



“கடைசித் தீர்மானம் நான் எழுதினதுங்க” என்றார் அக்கா. “ஆஸ்பத்திரியில. ஒம்பது பேரும் கையெழுத்துப் போட்டோம்.” எழுந்து வந்து புத்தகத்தைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். முன்பக்கம், பின்பக்கம். பிறகு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது என் எழுத்து இல்லையே.”

“படியெடுத்து வெச்சேன்க்கா.”

“அசல்?”

பார்வையாளர் கையை உயர்த்தினார். “இங்க பாருங்க. எனக்கு ஒம்பதுல அஞ்சு வேணும். அவ்வளவுதான் கணக்கு. இந்த நாலு பேர் என் முன்னாடி சொல்லிட்டாங்க. வராதவங்க நாளைக்கு மாத்திச் சொல்லலாம், அவங்கள எண்ண முடியாது. அசல்ல அந்தச் செத்துப்போன பொண்ணோட கையெழுத்து இருந்தா, அவங்கள அஞ்சாவதா சேத்துக்குவேன். அவங்க உயிரோட இருக்கறப்போ போட்டது, அத யாரும் மாத்திச் சொல்லவெக்க முடியாது. இதுல கையெழுத்து இல்ல. ‘ஒப்பம்’னு இருக்கு.” என்னைப் பார்த்தார். “அசல நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள கொண்டுவாங்க. பதினோரு மணிக்கு எனக்கு ரயில்.”

“சரிங்க” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

 தெருமுனையில் அக்கா, “இருக்குல்ல?” என்றார். நான் தலையை எப்படி ஆட்டினேனோ, அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ. பேருந்து வந்தது, ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். மணி மூன்று. நூறு வருடத்துக்கு முந்திய எழுத்தையெல்லாம் பார்த்து எழுதியிருக்கிறேன். எந்தக் கையும் எனக்கு வரும். அக்காவின் எழுத்தை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டேன், மேலே ஏறும் வரிகள், பதினாறு பிழை, அடித்தல். எட்டுக் கையெழுத்துகளும் வந்தன. பழைய வருகைப் பதிவுகளில் அவை இருந்தன.

ஒன்பதாவது வரவில்லை. அவளுடைய வழக்கமான கையெழுத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தில் அது அப்படி இல்லை. அன்று வலது கையில் ஊசி ஏறியிருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, முழுப்பெயரா, முதலெழுத்தா, ஒன்றும் தெரியவில்லை. பார்க்காமலேயே நகல் எடுத்திருந்தேன்.

ஐந்தரை மணிக்குத் தையல் கடைக்குப் போனேன். பள்ளிச் சீருடைத் துணி மலைபோல் கிடந்தது. அக்கா வெட்டிக்கொண்டிருந்தார். நான் எழுதிய தாளை மேசைமேல் வைத்தேன். குனிந்து படித்தார்.

“அடப்பாவி. என் எழுத்தேதான்.” முகம் ஒரு கணம் மலர்ந்தது. “கெடச்சுதா?” பிறகு கடைசிப் பெயர் இருக்க வேண்டிய வெற்றிடத்தைப் பார்த்தார். தாளைத் தடவிப் பார்த்தார். புதுத் தாள்.

“அசலக் கிழிச்சுட்டேன்க்கா. அந்த வாரமே.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.  வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள்.

“ஏன்?”

“தப்பா இருந்துச்சு.”

“தப்பா இருந்துச்சு” என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். “பதினாலு வருஷம் தம்பி. கதவு கதவாத் தட்டியிருக்கேன். முதல் தடவையா ஒம்பது பொம்பளைங்க என் பேரச் சொன்னாங்க. அத நானே என் கையால எழுதணும்னு அவ பிடிவாதம் புடிச்சா. எனக்கு எழுத வராது, அவரு வரட்டும்னேன். ‘அவரு வந்தா அழகா எழுதிடுவாரு, வேணாம்’னா.”

நான் அந்தக் கடைசி இடத்தைக் காட்டினேன். “அவ எப்படிப் போட்டான்னு சொல்லுங்க. நான் போட்டுடறேன்.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.  தையல் சுண்ணாம்புக் கட்டியை இடது கையில் எடுத்தார். நீலத்துணியின்மேல் மெதுவாக வரைந்தார். முதலெழுத்து பெரிதாக, தரையில் உட்கார்ந்ததுபோல். அடுத்தது அதன் தோளில் ஏறியிருந்தது. கடைசி எழுத்து வாலாக நீண்டு துணியின் ஓரம் வரை ஓடியது.

“முயல் குட்டி மாதிரி இருக்குடின்னேன். சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு இருமல் வந்துடுச்சு. அந்த நர்ஸம்மா ரெண்டாவது தடவை திட்டினது அதுக்குத்தான்.”

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

“நீங்க போட்டா அச்சு அசலா வரும் தம்பி. எனக்குத் தெரியும்.” என் தாளை எடுத்து நான்காக மடித்தார். “ஆனா அங்க அவ இருக்க மாட்டா.” தாளைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு துணியை உதறினார். சுண்ணாம்பு பறந்தது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய சீருடை. மிஷினில் கொடுத்து ஓட்ட ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போனேன். பார்வையாளர் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார். செயலாளர் வாசலிலேயே என் தோளில் கைபோட்டார்.

“தம்பி, வேட்புமனு நம்ம மருமகளுக்கு நீங்கதான் எழுதித் தரணும். உங்க எழுத்துக்கு அதிகாரிங்க ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. போஸ்டர்ல உங்க வீட்டம்மா படம் பெருசாப் போடறோம்.”

“படம் வேணாம். மனுவும் எழுதல” என்றேன். என் குரல் அவருக்குக் கேட்டதா என்று சந்தேகம். தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்த வாரம் போஸ்டரில் படம் இருந்தது.

“கொண்டுவந்தீங்களா?” என்றார் பார்வையாளர்.

“இல்லைங்க. அசல் இருந்துச்சு. அவங்க எழுதினது, ஒம்பது பேரும் போட்டது. நான்தான் கிழிச்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாப்பது வருஷமா பாக்கறேன். எதிரிங்க கிழிச்சுப் பாத்திருக்கேன்.”  முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “நாலு பேர்தான். நான் மேல இருக்கறவங்களுக்கு அப்படித்தான் எழுத முடியும். இப்ப சொன்னத ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துடுங்க. கோப்புல இருக்கட்டும்.”

வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். கொடிக்கம்புகள் அடுக்கிய அறையில் ஒரு மேசை காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். கை நடுங்கும், ஒரு எழுத்தாவது கோணும் என்று காத்திருந்தேன்.

கோணவில்லை. முத்து முத்தாக வந்தது.