கடைமடைச் சக்கரம்

தேவாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்கா அழகியின் மகள் தீக்ஷாவுக்குத் தை மாதம் குன்றக்குடியில் காதுகுத்து என்று போன் வந்ததும், தாய்மாமன் என்ற மிதப்பில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டான்.

"ஆத்தாவோட பித்தளக் குடத்தையே சீராக் கொண்டாரேன்க்கா. ஆத்தா பேருக்குக் கீழ மருமக பேரு, அதச் சுத்திக் கொடி. எல்லாம் பிரியா மிசின்லயே வெட்டிருவா."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவன் வழக்கம். அழகியின் மாமியார் ராக்காயி அந்தப் பக்கம் சிரித்தது அவன் மனைவி சத்தியப்பிரியாவின் காதில் நன்றாகவே விழுந்தது.

"காளியாயி குடத்தையா? மிசினுகிட்டயா? கோணலாப் போச்சுன்னா அழிச்சு எழுத அது என்ன சிலேட்டா?"

அழகி மட்டும் சிரிக்கவில்லை. "பிரியா, பாத்துச் செய் புள்ள. எங்காத்தாளுக்கு ஒரு போட்டோகூடக் கெடையாது. அந்தக் குடத்துல இருக்குற பேரு ஒண்ணுதான் மிச்சம்" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் கத்திவிட்டு வயலுக்குப் போய்விட்டது, மாட்டிக்கொண்டவள் சத்தியப்பிரியா. அதற்காக அவள் அரண்டுவிடவில்லை. காரைக்குடியில் ஒரு பாலிடெக்னிக் லேபில் அவளுக்கு வேலை. கண்டரமாணிக்கத்து வீட்டின் காலி மாட்டுக் கொட்டகையில், செத்துப்போன பிரிண்டர்களின் வயிற்றைக் கிழித்து எடுத்த மோட்டார்களைக் கொண்டு அவள் அந்த மிஷினைக் கட்டி ஒரு வருஷம் ஆகிறது. ரப்பர் சுற்றிய இரண்டு உருளைகளின் மேல் பாத்திரத்தைப் படுக்கவைத்தால் ஒரு மோட்டார் உருளையைச் சுற்றும், பாத்திரமும் கூடவே சுற்றும். இன்னொரு மோட்டார், பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற அதே அதிரும் பேனாவை இடமும் வலமும் நகர்த்தும். தெருவில் பாதி எவர்சில்வர் சொம்புகளில் அவள் கைவரிசைதான் இருக்கிறது.

சொம்பு வேறு, குடம் வேறு. கனத்த வயிறு. அதைச் சுற்றி ஓடும் கொடி கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். அதே அளவில் ஒரு எவர்சில்வர் குடத்தை வைத்து ஒத்திகை பார்த்தாள். கொடி ஒரு சுற்று வந்தது. கடைசி இலைக்கும் முதல் இலைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி பல்லைக் காட்டியது.

காரணம் அவளுக்குத் தெரியும். இந்த ஸ்டெப்பர் மோட்டார் சொன்ன பேச்சு கேட்கிற ஜாதி. நூறு அடி நட என்றால் நடக்கும். நடுவில் பாரம் தாங்காமல் நாலு அடி தவறிப்போனால் அதற்குத் தெரியாது, நூறும் நடந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளும். அதனால் மோட்டாரின் பின்பக்கம் ஒரு என்கோடரைப் பொருத்தினாள். எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை. ஆறு அடி குறைந்தால் ஆறையும் மறுபடி போட்டு நேர்செய்யும்படி புரோகிராமையும் எழுதினாள். ஓட்டினால் திரையில் பிழை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

குடத்தைப் பார்த்தால் மறுபடியும் அதே இரண்டு விரல் இடைவெளி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையல்லவா இது! சத்தியப்பிரியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வேகத்தைக் குறைத்தாள், கரண்டைக் கூட்டினாள், வயரை மாற்றினாள். மூன்று நாளாகத் திரை பூஜ்யம் என்றே சாதித்தது, இடைவெளியும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பேசாமக் கடையில குடுத்துருவமா?" என்று தேவா தலையைச் சொறிந்தான். காதுகுத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"வாய விட்டது நீங்க. வெட்டப்போறது நானு. கொஞ்ச நேரம் சும்மா இருக்கீகளா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுக்குக் கண்மாய்த் தண்ணீர் முறை. அவர்கள் வயல் கடைமடை, அதாவது வாய்க்காலின் கடைசி. மற்ற எல்லாரையும் தாண்டித்தான் தண்ணீர் அங்கே வர வேண்டும். தேவா மடையைத் திறக்கக் கண்மாய்க் கரைக்குப் போனான். சத்தியப்பிரியா மண்வெட்டியும் போனுமாக வயலில் நின்றாள்.

"தொறந்துட்டேன் பிரியா. தண்ணி குதிச்சுக்கிட்டுப் போகுது. வந்துருச்சா?"

"இன்னும் வரல."

கால் மணி நேரம் போயிற்று. வாய்க்காலில் நத்தை ஒன்று காய்ந்த மண்ணில் நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நெசமாத் தொறந்தீகளா?"

"அடியே, மடை மேலதான் உக்காந்திருக்கேன். கண்ணால பாக்குறேன்ல? ஒரு சாண் கொறையாமப் போகுது!"

அவள் வாய்க்காலோடு மேலே நடந்தாள். பாதி வழியில், மேல்வயல்காரர் மருதுவின் நிலத்தை ஒட்டிக் கரையில் ஒரு நண்டு வளை. அதன் வழியாகத் தண்ணீர் மொத்தமும் மருதுவின் வயலுக்குள் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. மருது எதிர் வரப்பில் நின்றபடி வானத்தில் கொக்கு எண்ணிக்கொண்டிருந்தார்.

சத்தியப்பிரியா ஒரு வெட்டு மண்ணை அள்ளி வளையில் அப்பினாள். இரண்டாவது வெட்டுக்கு ஓங்கிய மண்வெட்டி அப்படியே நின்றது.

தேவா பொய் சொல்லவில்லை. மடையில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்டால் மடையைப் பற்றித்தானே சொல்லுவான்? கடைமடைக்காரர்கள் அதனால்தான் மடையை நம்புவதில்லை. தங்கள் வயலில் ஒரு குச்சியை நட்டு அதில் கோடு போட்டு வைப்பார்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால்தான் பாய்ந்ததாகக் கணக்கு. அவளோ மூன்று நாளாக மோட்டாரின் முதுகில் காவல் வைத்துவிட்டு, குடம் நகர்ந்ததா என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்! மோட்டார் சரியாகத்தான் சுற்றியிருக்கிறது. உருளையும் சரியாகத்தான் சுற்றியிருக்கிறது. வழவழப்பான குடம் அதன் மேல் வழுக்கியிருக்கிறது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மருதுவுக்குத் திக்கென்றது.

"என்னத்தா, தண்ணி போச்சேன்னு வைவேன்னு பாத்தா சிரிக்கிற?"

"வையிறத நாளைக்கு வச்சுக்குறேன் சித்தப்பா. இப்ப வளைய அடைங்க."

அன்று மதியமே மோட்டாரிலிருந்து என்கோடரைக் கழற்றினாள். ஒரு பொம்மைக் காரின் ரப்பர் சக்கரத்தை அதில் மாட்டி, ஸ்பிரிங் வைத்த கை ஒன்றின் நுனியில் பொருத்தி, பேனாவுக்குப் பக்கத்திலேயே குடத்தின் வயிற்றில் அழுந்தும்படி வைத்தாள். குடம் நகர்ந்தால்தான் இந்தச் சக்கரம் நகரும். குடத்தில் ஒரு பொட்டு வைத்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சக்கரம் எண்ணியதைக் குறித்துக்கொண்டாள். சக்கரம் சொல்வதும் தான் கேட்டதும் ஒத்துப்போகாவிட்டால் பேனாவைத் தூக்கு, குடம் வந்து சேரும்வரை காத்திரு, பிறகு இறக்கு. அவ்வளவுதான் புதுச் சட்டம்.

எவர்சில்வர் குடத்தில் கொடி கிளம்பிய இடத்துக்கே வந்து முட்டியது. அவளுக்கு அது போதவில்லை. உருளையில் வேண்டுமென்றே தேங்காயெண்ணெயைத் தடவி இன்னொரு முறை ஓட்டினாள். குடம் வழுக்கியது, பேனா எழுந்தது, காத்திருந்தது, இறங்கியது. கொடி அப்போதும் முட்டியது. "இனி வா" என்று சத்தமாகவே சொன்னாள், யாரைச் சொன்னாளோ.

பித்தளைக் குடத்தை ஏற்றிய அன்று தேவா கொட்டகைப் பக்கமே வரவில்லை. கழுத்துக்குக் கீழே, என்றோ ஒரு கடைக்காரர் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய 'காளியாயி'. அதற்கு ஒரு விரற்கடை கீழே 'தீக்ஷா' பிசிறில்லாமல் விழுந்தது. கொடி ஓடத் தொடங்கியது. பதினைந்தாவது இலை முடிந்ததும் குடத்தில் இருந்த பழைய நசுங்கல் ஒன்று உருளை மேல் வந்தது.

டக். பேனா எழுந்தது.

உருளை சுற்றியது, குடம் சுற்றவில்லை. மோட்டாரை மட்டும் நம்பியிருந்தால் இந்நேரம் இலைமேல் இலை விழுந்திருக்கும், கொடி காளியாயியின் பெயரடியில் கோணிக்கொண்டு நின்றிருக்கும். ரப்பர் சக்கரம் ஏமாறவில்லை. உருளை மெல்ல, மிக மெல்லத் தள்ளியது. குடம் நசுங்கலைத் தாண்டிப் புரண்டது. பேனா இறங்கிப் பதினாறாவது இலையைத் தொடங்கியது.

குன்றக்குடியில் சீர் இறக்கியதும் ராக்காயி வேறு எதையும் பார்க்கவில்லை. குடத்தை மடியில் கிடத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கொடியில் விரலை வைத்து ஓட்டினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. பதினைந்தாவது இலையைத் தாண்டும்போதெல்லாம் சத்தியப்பிரியா அந்த விரலையே பார்த்தாள். விரல் நிற்கவில்லை.

"ஏண்டி, இத எங்குட்டு ஆரம்பிச்ச?"

சத்தியப்பிரியா குனிந்து, அவர் விரலைப் பிடித்து முதல் இலையில் வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அதே விரலைப் பதினைந்தாவது இலைக்கு நகர்த்தினாள். "வழுக்குனது இங்குட்டு, அயித்தை."

ராக்காயி தடவிப் பார்த்தார், நகத்தால் கீறியும் பார்த்தார். "எங்குட்டுடி? ஒண்ணையும் காணமே!"

"அதத்தேன் சொல்றேன்."

கிழவி கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தேவாவிடம் திரும்பினார். "ஏலே, இனிமே நீ வாயத் தொறக்கு முன்ன இவகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

தேவா பெரிதாகத் தலையாட்டினான். அவன் மடியில் காதுகுத்துக்குத் தயாராகத் தீக்ஷா உட்கார்ந்திருந்தாள்.

அழகி குடத்தை வாங்கிக்கொண்டாள். அவள் கொடியையும் பார்க்கவில்லை, இலையையும் எண்ணவில்லை. அவள் விரல் நேராகக் 'காளியாயி'யில் போய் நின்றது, ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தது. அப்புறம் ஒரு விரற்கடை கீழே இறங்கி மகள் பெயரைத் தொட்டது.

"ஆத்தா, ஒம் பேத்தி வந்துருக்கா பாரு" என்று குடத்தின் வாயருகே குனிந்து சொன்னாள்.