நடுப்பூ

கேரள எல்லையோரப் பெருமாட்டி ஊர்த் தையல் யூனிட்டில் பன்னிரண்டு வருஷமாக நடுப்பூ கமலாத்தாளுடையது. மெத்தை விரிப்பின் ஓரங்களை யார் வேண்டுமானாலும் தைக்கலாம். நடுவில், துணியை வெட்டி மேலே வைத்துத் தைக்கிற அப்ளிக் பூவை மட்டும் அவள்தான் தைப்பாள். இதழை இரட்டைத் துணியில் தைத்து உள்வெளியாகப் புரட்டும்போது நுனி கூராக வெளியே வர வேண்டுமே, அதற்கு அவளிடம் பழைய பல் பிரஷ்ஷின் காம்பு ஒன்று உண்டு, கல்லில் தேய்த்து முனையைப் பதமாக்கியது. தையலை நீவி மடிக்க வலது கட்டைவிரல் நகம் போதும். "கமலாத்தா நகம் பட்டா இஸ்திரிப்பொட்டி எதுக்குங்க?" என்பார்கள். அதைச் சொல்லும்வரை காத்திருந்து, காதில் விழாதவள் போல ஊசியில் நூல் கோப்பாள்.

நர்மதா மீனாட்சிபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். யூனிட்டில் சேர்ந்து நாலு மாசம்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் ஜிப் வைத்த பையொன்றைத் திறந்து மேசையில் பரப்பினாள். ஒரு முனை கூரும் மறுமுனை வளைவுமாக மூங்கிலில் செதுக்கிய தட்டைக் குச்சி, கைப்பிடி வைத்த குட்டி மர உருளை, சின்னதும் பெரிதுமாகப் பிளாஸ்டிக் வட்டங்கள்.

"ஏ புள்ள, சப்பாத்திக் கட்டை குட்டி போட்டிருக்குதா?" என்றாள் பக்கத்து மெஷின்காரி மருதாத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கமலாத்தாளின் சிரிப்புதான் பெரிதாக இருந்தது.

"தையல் மேல இத உருட்டுனாப் படிஞ்சுக்குமுங்க. ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரிப்பொட்டிகிட்ட எந்திரிச்சுப் போக வேண்டியதில்லீங்க," என்று நர்மதா உருட்டிக் காட்டினாள். தையல் வாழையிலைபோலப் படிந்தது.

"ஏங்கண்ணு, உனக்கு நகம் மொளைக்கலியா?" என்றாள் கமலாத்தாள்.

"மொளைக்குதுங்க அக்கா. பாத்திரம் தேய்ச்சாப் போயிருதுங்களே."

மறுபடியும் சிரிப்பு. இந்தமுறை அது நர்மதாவின் பக்கம் போய்விட்டது. அடுத்ததாக வட்டங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று அவள் சொல்லத் தொடங்கியபோது, கமலாத்தாள் வெறும் கந்தல் துணியை வைத்து மெஷினைக் கடகடவென ஓட்டினாள். ஒரு சொல்கூடத் தன் காதில் விழக் கூடாது.

யூனிட் செக்ரட்டரி ஜிஸ்மி வந்தாள், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவள். இடுக்கியில் ஒரு விடுதிக்காரர்கள் மாதிரிக்கு ஒரு விரிப்பு கேட்டிருந்தார்கள்: பதினாறு இதழ்த் தாமரை, நடுவில் அவர்களே அனுப்பிய மஞ்சள் பட்டில் ஒரு வட்டம். நர்மதா மூங்கில் குச்சியால் புரட்டி வைத்திருந்த ஓர் இதழை எடுத்து, நுனியை விரலில் வைத்துப் பார்த்தாள் ஜிஸ்மி.

"அய்யோ, குத்துதல்லோ! இந்தத் தடவை நடுப்பூ நர்மதா செய்யட்டும். சேச்சிக்கு விரோதம் ஒண்ணும் இல்லல்லோ?" என்று கமலாத்தாளைப் பார்த்தாள்.

"எனக்கென்னங்க, நல்லாத் தைக்கட்டும்," என்றாள் கமலாத்தாள். கத்தரி பக்கத்திலிருந்தும் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

மத்தியானம் எல்லோரும் பின்பக்கம் சாப்பிடப் போனார்கள். தலைவலி என்று அவள் உள்ளேயே தங்கிவிட்டாள். உருளையை எடுத்துத் துண்டுத் துணியில் உருட்டிப் பார்த்தாள். நகத்துக்கு நாலு தடவை வேலை. இதற்கு ஒரே தடவை. மோசமாக இருந்திருக்கக் கூடாதா இந்தச் சனியன்!

மஞ்சள் பட்டுத் துணியை வட்டமாக வெட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாள் நர்மதா. இதழ்களை அவள் தைத்துக்கொள்ளட்டும், பூவின் நடுவாவது என் கையால் இருக்கட்டும் என்று தோன்றியது கமலாத்தாளுக்கு. வட்டம் எடுக்க அவளுக்கென்று ஒரு வழி உண்டு. தகர டப்பா மூடியைத் துணிக்குள் வைத்து, விளிம்பில் ஓட்டுத் தையல் போட்டு நூலைச் சுருக்கி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, மூடியை எடுக்காமலே மேலே சூடாகத் தேய்ப்பாள். விளிம்பு கத்திபோல நிற்கும். இப்போது மூடிக்குப் பதில் நர்மதாவின் பிளாஸ்டிக் வட்டத்தை வைத்துச் சுருக்கினாள். இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள்.

நாற்றம் வந்த பிறகுதான் தூக்கினாள். உருகிய பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, பெட்டியோடு மஞ்சள் பட்டும் எழுந்து வந்தது.

பிய்த்து மேசையில் போட்டுவிட்டு, பின்பக்கம் போய்ச் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நர்மதே!" என்று ஜிஸ்மி உள்ளேயிருந்து கத்தினாள். எல்லோரும் ஓடினார்கள். "பிளாஸ்டிக் வச்சு யாராச்சும் தேய்க்குமோ? இன்னும் ஒரு வட்டத்துக்குத்தான் துணி இருக்கு. போதும், நடுப்பூ கமலாத்தா சேச்சியே செய்யட்டும்."

நர்மதா கருகிய வட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் எறும்பு வரிசைபோலச் சீரான ஓட்டுத் தையல். அச்சை எடுக்காமல் உள்ளேயே வைத்துத் தேய்க்கிற பழக்கம் யூனிட்டிலேயே ஒருத்திக்குத்தான். நிமிர்ந்து கமலாத்தாளைப் பார்த்தாள்.

"என்ற தப்புத்தானுங்க," என்றாள்.

ஆசைப்பட்ட நடுப்பூ கமலாத்தாளின் மடியிலேயே வந்து விழுந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும்.

"பாவம், ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனாளா பாருங்க," என்றாள் மருதாத்தாள். "தங்கமான புள்ள."

தங்கமாம்! இதழ் நுனியும் அவளுக்கு, உருளையும் அவளுக்கு, போதாதென்று தங்கமும் அவளுக்கா?

"தங்கமுமில்ல, தகரமுமில்ல!" என்று வெடித்தாள் கமலாத்தாள். "நான்தான் தேய்ச்சேன். டப்பா மூடியாட்டம் சூடு தாங்கும்னு நெனச்சுத் தேய்ச்சுப்போட்டேன். எனக்காவ ஒருத்தியும் பழி சொமக்க வேண்டியதில்ல!"

ஜிஸ்மி மிச்சமிருந்த பட்டுத் துணியை நர்மதாவின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கமலாத்தாளுக்கு ஓரம் மடிக்கிற வேலை. அவள் கண் மட்டும் எதிர் மேசையை விட்டு நகரவில்லை. நர்மதா புரட்டி வைக்கிற ஒவ்வொரு இதழிலும் குற்றம் தேடினாள். பதினாலு இதழ்கள் ஏமாற்றின. பதினைந்தாவதன் நுனி இம்மியளவு மழுங்கியிருந்தது. மோர் குடித்ததுபோல உள்ளே குளிர்ந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் தான் மட்டும் கண்டுபிடித்தது யாருக்கும் தெரியாமல் போய்விடுமே?

"ஏ புள்ள, அந்த நுனி மொக்கையா இருக்குது."

மருதாத்தாள் குனிந்து பார்த்தாள். "எங்கீங்க? எனக்கு ஒண்ணுந் தெரியலீங்களே."

நர்மதா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "அட ஆமாங்க அக்கா! உங்க கண்ணு ஆருக்குமே வராதுங்க!"

அந்தச் சொல்லைக் கமலாத்தாள் ஒரு நொடிகூட அனுபவிக்கவில்லை. அதற்குள் நர்மதா மூங்கில் குச்சியை உள்ளே விட்டு மெல்லத் தள்ளினாள். நுனி மற்றப் பதினாலையும்விடக் கூராக வெளியே வந்து நின்றது.