நடத்தைக்குப் பத்து மதிப்பெண்

பல் மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கலவைக்காரருக்கு முழங்கால் விட்டுப்போனது. லிஃப்ட் ஓடவில்லை. தினமும் சிமெண்டுச் சட்டியோடு படியேறுகிறவருக்கு வெறுங்கையோடு ஏறுவதுதான் அலுப்பாக இருந்தது. அரை நாள் லீவு கேட்டபோது மேஸ்திரி, "பல்லைப் பிடுங்கி ஒரு வாரம் ஆச்சு. இப்ப என்ன, திருப்பி வாங்கிட்டு வரப் போறியா?" என்றார். பெரிய டாக்டர் ஏதோ கேட்க வேண்டுமாம், போனில் அவ்வளவுதான் சொன்னார்கள்.

வராந்தாவில் பயிற்சி டாக்டரம்மா காத்திருந்தாள். பல்லைப் பிடுங்கியவள் அவள்தான். அவருடைய கடைசி மகளைவிடச் சின்னவள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

"ஐயா, உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க டாக்டரம்மா."

"பல்லு எடுக்கறதுக்கு முன்னாடி சம்மதம்னு ஒரு தாள்ல எழுதி வாங்கணும். அன்னிக்குப் பதினாலு பேரு. வாயால சொன்னேன், தாளை மறந்துட்டேன். மறுநாள் ஃபைலைக் கேட்டாங்க. அதான், உங்க பேருகிட்ட கைநாட்டு வச்சுட்டேன்."

"யாரோட கை?"

"என்னோடதுதான்."

கலவைக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இன்னிக்கு எங்க நடத்தைக்கு மார்க் போடறாங்க" என்றாள். "சாருக்கு அந்தத் தாள் மேல சந்தேகம். உங்களதுதான்னு சொல்லிட்டீங்கன்னா போதும். இல்லன்னா மூணு மாசம் மறுபடி இதே வார்டு. கூடப் படிச்சவங்க எல்லாரும் போயிடுவாங்க, நான் மட்டும் நிப்பேன்."

"ஒரு போன் போட்டிருந்தா நானே வந்து போட்டுக் குடுத்திருப்பேனே."

"தோணல ஐயா."

"சரி. பொய்க் கையெழுத்து போடாம ஏன் கைநாட்டு?"

அவள் பார்வை அவருடைய சட்டைக்குப் போய், வெள்ளை ஏறிய நகங்களுக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

"உங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு நெனச்சுட்டேன்."

"கேட்டீங்களா?"

"இல்ல."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

பெரிய டாக்டரும் களைத்துத்தான் இருந்தார். மேசையில் ஃபைல்கள் நெஞ்சு உயரத்துக்கு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "உக்காருங்க" என்றார். டாக்டரம்மா கதவோரம் நின்று கோட்டின் ஓரத்தைப் பிசைந்தாள்.

"பல்லு எடுக்கறதுக்கு முன்னாடி விவரம் சொன்னாங்களா?"

"எல்லாம் சொன்னாங்க சார். ஊசி சுருக்குங்கும்னாங்க, சுருக்குன்னுச்சு. ரெண்டு நாள் வீங்கும்னாங்க, வீங்குச்சு. பல்லு வந்ததுதான் தெரியல."

"இந்த ரேகை உங்களதா?"

தாளை நகர்த்தி வைத்தார். நீல மையில் சின்னதாக ஒரு ரேகை, வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியது போலச் சுழி சுழியாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பன்னிரண்டு மணிப் பேருந்தைப் பிடித்துவிடலாம். அந்தப் பெண்ணும் பிழைத்துப்போவாள். அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. வாய் வரைக்கும் வந்தும்விட்டது.

ஆனால் அவருடைய விரலில் இருந்ததையெல்லாம் சிமெண்டு தின்றுவிட்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் வேலையிடத்தில் வருகைக்கு விரல் வைக்கும் மெஷின் கொண்டுவந்தார்கள். தினமும் வந்து நின்றவரை அது ஒருநாளும் வந்ததாக ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டில் கையெழுத்துப் போட விடுங்கள் என்று கெஞ்சி வாங்கிய பிறகுதான் எழுதப் பழக ஆரம்பித்தார், ஐம்பதை நெருங்குகிற வயதில். வேலை முடிந்த கையோடு, கண் சொருகச் சொருக. பேரில் வரும் 'ழ' ஒன்று மட்டும் இரண்டு மாதம் பிடித்தது.

கட்டைவிரலை மேசை மேல் வைத்தார்.

"எனக்கு ரேகையே கிடையாது சார். நான் கையெழுத்து போடறவன்."

பெரிய டாக்டர் வாய்க்குள் பார்ப்பதைப் போலக் குனிந்து, விளக்கை இழுத்து அந்த விரலைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"உங்களதா?"

"ஆமா சார்."

"நடத்தைக்குப் பத்துல எவ்வளவு போடட்டும்?"

கேட்டுக்கொண்டே அவர் எதையோ எழுதினார், ஒற்றை இலக்கத்துக்கான நேரம்தான் ஆனது.

"மூணு மாசம்" என்றார்.

"பல்லை நல்லா எடுத்தாங்கன்னு அதுல எழுதிக்குங்க சார்" என்றார் கலவைக்காரர்.

"அது வேற தாளுங்க."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உடனே இறங்க முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் கழித்து அவளும் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கலாம் நீங்க."

"சொல்லியிருக்கலாம்மா. அப்புறம் அந்த ஃபைல்ல நான் காலத்துக்கும் கைநாட்டு."

அவள் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து போயிருக்கும். அடுத்தது ஒன்றரைக்குத்தான்.

"இடது பக்கம் மேல ஒண்ணு கூசுது" என்றார் அவர். "எப்படியும் மூணு மாசம் இங்கதான இருப்பீங்க. அதையும் நீங்களே பாத்துடுங்க."

அவள் சிரிக்கவில்லை. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குளுந்த தண்ணிக்கா, சூட்டுக்கா?"

"ரெண்டுக்கும்."

"ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்றவள், சற்று நிறுத்தி, "பாக்கலாமா?" என்று கேட்டாள்.

"பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் வாயைத் திறந்தார்.