மூன்றாம் மாடிக் கதவு

பூட்டுக்காரருக்கு அன்று மாலை ஐந்தரைக்கு ஜெபக்கூட்டம். சாட்சி சொல்ல வேண்டிய முறை அவருடையது. தொழிலில் ஆண்டவர் தன்னை எப்படி நடத்தி வந்தார் என்று பேசுவதற்காக இரண்டு நாளாக மனைவியின் உயிரை வாங்கி ஒத்திகை பார்த்திருந்தார். நாலே முக்காலுக்குப் போன் வந்தது. மூன்றாம் மாடி வீடு, சாவி தொலைந்துவிட்டது, உடனே வர வேண்டும்.

வாசலில் நின்றவன் நல்ல உடையில் இருந்தான், மரியாதையாகப் பேசினான். வீட்டு விலாசம் போட்ட அட்டையைப் பார்க்காமல் பூட்டுக்காரர் எந்தக் கதவிலும் கை வைப்பதில்லை. அன்றும் கேட்டார்.

"அட்டை உள்ளதான் இருக்குண்ணே" என்று சிரித்தவன், போனில் கல்யாணப் படத்தைக் காட்டினான். "இவ என் வீட்டுக்காரி. வேலையில இருக்கா, போன் எடுக்க மாட்டா."

அதற்குள் பூட்டுக்காரரின் போன் இரண்டாம் முறையாக அடித்தது. மனைவிதான். படத்தில் இருப்பவன் இவன்தானே என்று நினைத்துக்கொண்டு அவர் குனிந்தார்.

பூட்டு புத்தம் புதியது, நாலு நிமிடம் பிடித்தது. கதவு திறந்ததும் பழக்கதோஷத்தில் அதன் உட்பக்கத்தைப் பார்த்தார். மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒன்று, நடுவில் சங்கிலி. எல்லாமே ஒரு மாதத்துக்குள் பொருத்தியவை. உள்ளே போனவன் விளக்குப் போடச் சுவரைத் தடவினான். முதல் ஸ்விட்சுக்கு மின்விசிறி சுற்றியது. இரண்டாவதற்கு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில்தான் விளக்கு எரிந்தது.

"வீடு புதுசா தம்பி?"

"ஆமாமா. நீங்க கிளம்புங்க."

வேனில் ஏறிய பிறகுதான் அந்த மூன்று ஸ்விட்சும் மனதில் ஓடின. தன் வீட்டு ஸ்விட்ச் தெரியாத மனிதன் உண்டா? புது வீடென்றால் இருக்கலாம். புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு வம்பு. ஒவ்வொரு சிக்னலிலும் அவருக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. பச்சை விழுந்ததும் அது காணாமல் போனது. அத்தனை தாழ்ப்பாள் யாருக்குப் பயந்து?

கூட்டத்தில் பாட்டு முடிந்து அவரை அழைத்தார்கள். எழுந்து நின்றார். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"இன்னைக்கு என்னால முடியாது. தப்பு ஒண்ணு பண்ணிட்டேன். முதல்ல அதப் போய்ப் பாக்கணும்."

செருப்பை மாட்டுவதற்குள் மனைவி பின்னாலேயே வந்துவிட்டாள். விஷயத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்துட்டாளா?"

"தெரியல."

"தெரியலன்னு இங்க நின்னா எப்படி? வண்டிய எடுங்க. ஜெபம் வண்டியில பண்ணிக்கலாம்."

போகும் வழியில் அவள் போலீசுக்குப் போன் போட்டாள். புருஷன் வீட்டுக்குள் போனதற்கு என்ன புகார், சம்பந்தப்பட்ட பெண்ணே பேசட்டும் என்று வைத்துவிட்டார்கள்.

கட்டடத்தின் முன் இறங்கி அண்ணாந்து பார்த்தார். அவர் கிளம்பும்போது எரிந்த விளக்கு இப்போது அணைந்திருந்தது. போய்விட்டானா, இருட்டில் உட்கார்ந்திருக்கிறானா? அந்தப் பெண் ஏற்கெனவே மேலே ஏறிவிட்டிருந்தால்? கேட்டைத் தாண்டி வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் அவர் உற்றுப் பார்க்க, ஒருத்தி முறைத்துவிட்டுப் போனாள்.

அரைமணி நேரம் கழித்து வந்தாள். படத்தில் பார்த்த முகம்தான், ஆனால் பாதியாக வற்றியிருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம். மேல போகாதீங்க. நான் பூட்டுக்காரன். சாயங்காலம் உங்க கதவத் திறந்துவிட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர்னு சொன்னார்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். பூட்டுக்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள இருக்கானா?" என்றாள் அந்தப் பெண். "என் கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கு."

இந்த முறை போலீசிடம் போனில் அவளே பேசினாள். போலீஸ் வந்தது.

அவனை இருட்டிலிருந்துதான் அழைத்து வந்தார்கள். அவன் நிதானமாகவே பேசினான். "கதவு திறந்து கிடந்துச்சு சார். இவளுக்கு எப்பவும் மறதி."

அதிகாரி பூட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

வழியில் போனவன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மனைவியின் கை அவர் முழங்கையை இறுக்கியது. வேண்டாம் என்கிறாளா, சொல் என்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

"அது திறந்து கிடக்கல சார். பூட்டைத் திறந்தது நான்தான். அட்டைய பாக்காம திறந்தேன். எழுதிக்குங்க."

"இது உங்க மேலயும் வரும், தெரியுமில்ல?"

"தெரியும்."

அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, வேனில் இருந்ததிலேயே உறுதியான பூட்டை எடுத்துப் போய் மாட்டினார். அந்தப் பெண் அவரை விட்டுத் தள்ளி, அவருடைய மனைவியை ஒட்டியே நின்றாள்.

"எத்தனை சாவி?"

"மூணும்மா."

"உங்ககிட்ட ஒண்ணும் இல்லையே?"

அவர் சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். கருவிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார். அவள் குனிந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவசரமே படவில்லை. அவர் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருந்தார்.

விசாரணை முடிந்து அவருடைய தொழில் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பெண் அதற்கு முன்பே வீடு மாறிப் போயிருந்தாள். எங்கே போனாள் என்பதை அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.