கண்டக்டரின் இரண்டாவது பொழுதுபோக்கு

பல் டாக்டரின் வெள்ளிக்காசில் இருந்த கொக்கு பறந்துபோன வருஷம்தான் பஸ் கட்டணமும் ஏறியது. இரண்டைப் பற்றியும் ஊரில் பேச்சு இருந்தது. கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகம். டயர் கடை மாடியில் நடந்த காசு சேகரிப்போர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் டாக்டர் தன் பெட்டியைத் திறந்தபோது, விளிம்பும் எழுத்தும் அப்படியே இருக்க, கொக்கு நின்ற நடுப்பகுதி மட்டும் சவரம் செய்த கன்னம் மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. காசு சேர்ப்பவர்கள் எதையும் பொறுப்பார்கள், பழைய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மட்டும் பொறுக்க மாட்டார்கள். அதில் படிந்த கறுப்பில்தான் அதன் வயசும் மரியாதையும் இருக்கிறது. செயலாளரான, பூட்டுக்குச் சாவி போட்டுக் கொடுக்கும் சாவிக்காரர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்லைத் தேய்க்கிற மெஷின்ல இதையும் விட்டுட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தங்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் தையல்காரரின் செப்புக்காசில் இருந்த மீனைக் காணவில்லை. அதற்கடுத்து, செயலாளரின் சொந்தக் காசில் இருந்த மூன்றிலைக் கிளையே போய்விட்டது. தேடியபோது எல்லாம் கிடைத்தன. கொக்கு, டாக்டரின் பல் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு எதிர் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் நின்றது. நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளிகள் வாயைத் திறந்தபடியே அதைப் பார்த்தார்கள். மூடச் சொல்ல வேண்டிய டாக்டரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் பார்த்தால் முழுக் கொக்கு, நேரெதிரில் பார்த்தால் காசின் விளிம்பு கனத்துக்கு ஒரு கோடு, மறுபக்கம் போய்ப் பார்த்தால் மதிப்பும் வருஷமும். தையல்காரரின் கண்ணாடித் தொட்டியில் அதேபோல ஒரு செப்பு மீன் திரும்பும்போதெல்லாம் மறைந்து மறைந்து தெரிந்தது. சாவிக்காரரின் ரோஜாத் தொட்டியில் அந்தக் கிளை வேர் விட்டிருந்தது.

சங்கத்தில் ஒரு பழைய விதி உண்டு. சேருகிறவர் காசு தவிர இன்னொரு பொழுதுபோக்கையும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். காசையே நினைத்துக்கொண்டிருப்பவன் என்றைக்காவது அடுத்தவன் காசில் கை வைப்பான் என்று ஆரம்பித்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். டாக்டர் பறவை பார்ப்பவர், தையல்காரர் மீன் வளர்ப்பவர், செயலாளருக்கு ரோஜா. ஆகவே கணக்கு எளிதாக முடிந்தது: காசை விட்டு மனசு எங்கே போய் உட்காருகிறதோ, காசில் இருக்கிறதும் அங்கேதான் போகிறது. இதை அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. தொல்லை என்றார்கள். ஆனால் சேரும்போது, "எனக்கு வேற ஒண்ணும் கிடையாதுங்க" என்று சொன்ன ஒரே ஆள் பஸ் கண்டக்டர்தான். சொல்லும்போது அவர் காது சிவந்தது எல்லாருக்கும் இப்போது ஞாபகம் வந்தது. அவர் பெட்டியில் ஒரே ஒரு நல்ல காசு இருந்தது. அதில் ஒரு பெண் தராசு பிடித்து நின்றாள்.

கண்டக்டரின் மனைவிக்குச் சந்தைத் தெருவில் லாண்டரி. துணியை எடை போட்டு வாங்கி, வெளுத்து, தேய்த்து, மடித்துக் கொடுப்பவள். வெளுக்கப் போடும் முன் எந்தப் பையையும் துழாவாமல் விட மாட்டாள். ஊராரின் கள்ளக் காதலில் பாதி அவள் விரல் நுனிக்குத் தெரியும். அப்படிப்பட்டவளின் விரலில் ஒரு காலை தன் புருஷனின் சட்டைப் பையில், பெட்டியில் இருக்க வேண்டிய அந்தக் காசு தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்தாள். தராசுக்காரி இல்லை.

தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டு நேராக டயர் கடை மாடிக்குப் போனாள். டாக்டர், தையல்காரர், செயலாளர் மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். காசைப் பார்த்ததும் தையல்காரர், "வெளுப்புத் தூள்ல போட்டுட்டீங்களாம்மா?" என்றார். "என் கடையில ஒரு பட்டன் தேஞ்சு போனதுண்டா? நீங்க தைச்சுத் தர்ற பட்டன்தான் தானா கழண்டு விழுது," என்றாள். செயலாளர் இழுத்து இழுத்து கொக்கு, மீன், கிளை கதையை விளக்கினார். கேட்டு முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்ப எம் புருஷனோட பொழுதுபோக்கு பொம்பளையா?" மூன்று பேரும் ஜன்னல் வழியாக டயர்களைப் பார்த்தார்கள்.

மாடிப்படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள்: அந்தத் தராசுக்காரியைக் கண்ணால் கண்ட அன்று இருப்பதை மூட்டை கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை. வீட்டில் அன்று ராத்திரியும் சோறு போட்டாள். தட்டை வைக்கிற சத்தத்திலேயே கண்டக்டர் ஏதோ புரிந்துகொண்டு, எது என்று புரியாமல், தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார். கடையிலும் அந்த வாரம் எதுவும் சரியில்லை. காலையில் திறந்தால் மூட்டைகள் குண்டுமணி பிசகாமல் ஒரே எடையில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கடைக்கு உதவிக்கு வரும் நாத்தனார்தான் இதைச் செய்து தன்னைச் சமாதானம் செய்யப் பார்க்கிறாள் என்று நினைத்து அவள்மேலும் சந்தேகப்பட்டாள். அண்ணனும் தங்கையும் ஒரே ரத்தம்தானே.

ஆனால் நாத்தனாரைத்தான் துணைக்கு அழைத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு, முக்காடு போட்டுக் கண்டக்டரின் பஸ்ஸில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஏறிய ஒவ்வொரு ஒல்லிப் பெண்ணையும் இருவரும் நேரெதிரில் போய் நின்று பார்த்தார்கள், கோடாகத் தெரிகிறாளா என்று. ஒருத்தி, "என்னம்மா, என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு?" என்று சண்டைக்கு வந்தாள். "முதுகுல ஏதாவது எழுதியிருக்கான்னுதான் பார்க்கணும், கொஞ்சம் திரும்புங்க," என்றாள் நாத்தனார். கண்டக்டர் முன்பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சிரிக்கவில்லை, யாரையும் இடிக்கவில்லை. "அண்ணன் வீட்டிலயும் இப்படித்தானே அண்ணி இருக்கும், செத்த மீன் மாதிரி," என்றாள் நாத்தனார். "மடியில கனம் இருக்கிறவன்தான் இவ்வளவு ஒழுங்கா நடப்பான்," என்றாள் இவள்.

பஸ் நிலையத்தில் வண்டி நின்றதும் டிரைவர் சீட்டிலேயே தூங்கினார். கண்டக்டர் மட்டும் பையைத் தோளில் மாட்டி, தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்தத் தலைவாரலைப் பார்த்ததும் இவள் முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள். பின்தொடர்ந்தார்கள். மருந்துக் கடைச் சந்து, பிறகு மரக்கடைச் சுவர், பிறகு சந்தைத் தெரு. அவர் ஒரு டீ வாங்கிக்கொண்டு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். எதிரில் ஒரு கடைதான் இருந்தது. பூட்டின லாண்டரி. பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது. டீயைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் கடைக்குள்ளயேவா கொண்டு வந்து வச்சிருக்காரு!" என்று தெருவைக் கடந்து ஓடினாள். பூட்டைத் திறந்து கதவை மேலே தள்ளினாள். உள்ளே, தொங்கவிட்ட கோட்டுகளுக்கு நடுவே, இத்தனை நாள் ஒரு நூல் என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போன கோடு மெல்லத் திரும்பியது. பக்கவாட்டில் வெள்ளி நிறத்தில் ஒரு பெண், கையில் தராசு, ஒரு தட்டில் தலையணை உறை, மறு தட்டில் இரண்டு கைக்குட்டை. முள் ஆடாமல் நின்றது. நாத்தனார் சுற்றிக்கொண்டு பின்னால் போய் வருஷத்தைப் படித்துவிட்டு, "நம்ம எல்லாரையும்விட மூத்தவங்க அண்ணி. அக்கான்னே கூப்பிடலாம்," என்றாள்.

கண்டக்டர் டீக் குவளையோடு வாசலில் வந்து நின்றார். காது சிவந்திருந்தது.

"யாரைப் பார்க்க வந்தீங்க?" என்றாள் மனைவி.

"உன்னைத்தான்."

"பொய்."

"வண்டி இங்க நிக்கிறப்பல்லாம் வருவேன். நீ சட்டை மடிப்பே. கையை ஒரு வீசு வீசி, காலரை ஒரு தட்டுத் தட்டி. அதைப் பார்த்துட்டுப் போவேன்."

"எத்தனை வருஷமா?"

"கம்பத்துல விளக்கு போடறதுக்கு முந்தி இருந்து."

"உள்ள வந்து பார்த்தா என்ன, காசா கேட்டேன்?"

"உள்ள வந்தா வேலை வச்சிடுவியே."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி தராசுக்காரியையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். மீன் தொட்டிக்குப் போன மீனும் ரோஜாவுக்குப் போன கிளையும் அவளுக்குள் மெல்ல வந்து சேர்ந்தன. வந்து சேர்ந்த பிறகும் முழுசாக நம்பவில்லை, "சங்கத்துல இதைச் சொன்னா என்னவாம்?" என்றாள். "பெண்டாட்டி சட்டை மடிக்கிறதைப் பார்க்கிறவன்னு பேர் எழுதுவாங்களா?" என்றார் அவர். எழுதினார்கள். செயலாளர் அடுத்த கூட்டத்தில் அதை நின்றுகொண்டே அறிவித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, டாக்டர் மட்டும் கொஞ்சம் பொறாமையாகப் பார்த்தார்.

தராசுக்காரி லாண்டரியிலேயே தங்கிவிட்டாள். பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, எடையில் ஒரு நாளும் பிசகியதில்லை; வாடிக்கை கூடியது. பஸ் கட்டணம் அதற்குப் பிறகு இரண்டு முறை ஏறிவிட்டது. கண்டக்டரின் சட்டைப் பையை மனைவி இன்றும் தவறாமல் துழாவுகிறாள், வெறும் காசு அங்கேதான் கிடக்கிறது. பிற்பகலில் வண்டி வந்து நிற்கிற நேரத்துக்கு, தராசுக்காரியை, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, மறைக்குது," என்று நகரச் சொல்கிறாள். பிறகு எதிரே கம்பத்தடியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஏற்கெனவே மடித்து அடுக்கிய சட்டையை எடுத்து, உதறி, மறுபடியும் மடிக்கிறாள்.