மொத்தத்தில் சேராது

ஆறு மணிக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். பழக்கத்தில் ஃபிரிட்ஜைத் திறந்து மூடுகிறேன். வெள்ளத்தில் மல்லாந்ததிலிருந்து அது ஓடுவதில்லை. என் மனைவியின் இன்சுலினும் அதோடு போனது. சட்டையைத் தேய்த்து, மனுக் கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

நிவாரண அலுவலகத்துக்கு இது ஒன்பதாவது முறை. இன்று மாமனாரும் வந்தார். வாசலில் கரும்பலகை: வெள்ளத்தில் இறந்தோர் 41. அவள் அதில் இல்லை. அவளையும் சேருங்கள், நான் கேட்பது அது ஒன்றுதான்.

குமாஸ்தா கோப்பைத் திறக்கவே இல்லை.

"நேரடி மரணம்னா மூழ்கினது, சுவர் விழுந்தது, கரண்ட் அடிச்சது. இது நோய் சார். சர்க்கரை அவங்களுக்குப் பதினஞ்சு வருஷமா இருக்கு."

"பதினஞ்சு வருஷமா சாகலையே. மருந்தைத் தண்ணி கொண்டுபோன ஆறாம் நாள்தானே செத்தா?"

"அதுக்குத்தான் 'மறைமுக மரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எழுதியாச்சு."

"அப்போ நாப்பத்திரண்டு."

"அந்தக் கட்டம் மொத்தத்துல சேராது சார்."

"பின்ன எதுக்கு அது?"

"யாராவது கேட்டா காட்டறதுக்கு."

மாமனார் மேசையில் கையை ஊன்றினார். "என் பொண்ணுக்கு விவரம் பத்தல தம்பி. முகாமுக்குப் போகாம தண்ணியில குதிச்சிருந்தா உங்களுக்கு வசதியா இருந்திருக்கும்."

"பெரியவரே, ரூல் நான் போட்டதில்ல."

"கூட்டல் நீங்க போட்டதுதானே?"

நான் வெளியே வந்தேன். பலகையில் ஒன்றை உள்ளங்கையால் அழித்து, அதன் அடியில் கிடந்த சாக்பீஸால் இரண்டு என்று எழுதினேன். குமாஸ்தா ஓடிவந்து கைக்குட்டையால் துடைத்து மறுபடி ஒன்று போட்டார். நான் மறுபடி அழித்தேன். மூன்றாம் முறை சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "நாளைக்கு நாமளே சாக்பீஸ் வாங்கிட்டு வருவோம்."

வெள்ளத்தின்போது நாங்கள் இருந்த முகாம் ஒரு பள்ளிக்கூடம். ரொட்டிப் பொட்டலத்துக்காகக் காலையும் மாலையும் தலை எண்ணுவார்கள். எழுந்து நிற்பவர்கள்தான் கணக்கு. ஐந்தாம் நாள் அவளால் உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் படகு கேட்டு மூன்று தடவை ஓடினேன், வரவில்லை. சாயங்காலம் பெஞ்சில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"எண்ண வரும்போது என்னை எழுப்பி விடுங்க. தூங்கறவங்களை விட்டுட்டுப் போயிடறாங்க."