கூட யாரு வந்திருக்கா?

என் கால்கள் இரண்டும் மருத்துவமனையின் ஆவண அறையில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம். அங்கே அவற்றுக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்திருக்கிறார்கள். மிதித்து மிதித்துக் கோப்புகளைத் தைக்கின்றன. வேலை சுத்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்காதா பின்னே, இருபத்தாறு வருஷம் என்னிடம் ஜாக்கெட் தைத்த கால்கள்.

அப்படி மிதித்ததில்தான் கீழ்முதுகில் தண்டுவட நரம்பு நசுங்கியது. அன்றைக்கே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் கால் போய்விடும் என்று ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். அதற்கு உடன் வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"கூட யாரு வந்திருக்கா?" என்று நர்ஸ் கேட்டார்.

"யாருமில்லைங்க. பஸ்ல வந்தேன்."

படிவத்தில் பஸ் என்று எழுதிக்கொண்டு, அதை அழைத்துவர ஆள் அனுப்பினார்கள். மூன்றாம் நாள்தான் பஸ் வந்து வார்டு வாசலில் நின்றது. கண்டக்டர் படிவத்தை இரண்டு முறை படித்தார். கடைசி ஸ்டாப் வரைக்கும்தான் தன் பொறுப்பு, இது அதையும் தாண்டிப் போகிறது என்று சொல்லி விசில் கொடுத்துவிட்டார். அதற்குள் நரம்பு செத்துவிட்டது. கால்களுக்கு நம்பர் போட்டு எடுத்துப்போனார்கள்.

அந்த மூன்று நாளும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. மற்ற ஸ்டூல்களில் ஆட்கள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்கள். என் ஸ்டூலில் யாரும் இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நஷ்டஈட்டு மனு கொடுக்க இன்று கடைசி நாள். சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்குப் போனேன். வழி கேட்கக் கேட்கத் தாழ்வாரம் ஒவ்வொரு கதவாக நீண்டது. கேட்பதை நிறுத்தியதும் அறை வந்துவிட்டது.

உள்ளே இருந்த அதிகாரி பெயர் செண்பகவல்லி. என் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எல்லோரும் பணம்தான் கேட்பார்களாம். நான் கேட்டிருந்தது, அந்த மூன்று நாளுக்கு ஸ்டூலில் ஓர் ஆள்.

முடியாதது இல்லை என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காட்டினார். அங்கே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பையில் ஆரஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அனுப்பிடலாம். அந்த மூணு நாள் நடந்ததுக்கு ஒரு சாட்சி மட்டும் வேணும். கூட யாரு இருந்தா?"

யோசித்துப் பார்த்தேன். கால்கள் இருந்தன.

கூப்பிட்டு அனுப்பினார். கால்கள் நடந்து வந்தன, விரலிடுக்கில் கோப்பு நூலோடு. எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தன. ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று அதிகாரி விளக்கினார்.

மூன்று நாளும் இருந்தீர்களா என்று கேட்டார். ஒரு தட்டு.

"இவருக்கு நீங்க உறவா?"

இரண்டு தட்டு.

"தெரிஞ்சவரா?"

ஒரு கால் மற்றதை உரசிப் பார்த்தது. பிறகு ஒரு தட்டு.

பெருவிரல்களில் மை தடவி ரேகை எடுத்தார்கள். அதிகாரி அங்கேயே தீர்ப்பெழுதினார்.

"தெரிஞ்சவங்க ரெண்டு பேர் கூடவே இருந்திருக்காங்க. அவங்களே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி மேல தப்பில்ல."

என் மனு தள்ளுபடி. ஆனால் வெளியே இருப்பவருக்கு டியூட்டி போட்டாகிவிட்டது, வீணாக்க முடியாது என்றார். நரம்பு செத்ததில் கால்களும் பாதிக்கப்பட்டவைதான் என்பதால் அவரை அவற்றோடு அனுப்பிவைத்தார். தாழ்வாரம் இப்போது மிகவும் குட்டையாக இருந்தது. நாற்காலியில் இருந்தபடியே வெளிவாசல் படி தெரிந்தது.

கால்கள் முதல் படியில் நின்றன. எனக்காக என்று நினைத்து நாற்காலியை வேகமாகத் தள்ளினேன். அந்த மனிதர் ஆரஞ்சுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும், சேர்ந்தே இறங்கிப் போனார்கள்.